நேர்ச்சிறகுக்காரிகள்

பனிக்கட்டியின் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் கொட்டினால் பழ ஈக்கள் தூங்கிவிடும். முதலில் கால்கள் தடுமாறும், பிறகு ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாயும். நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், அரிசியைவிடச் சிறிய அந்த உடம்புகள் சிவப்புக் கண்களோடு அப்படியே கிடக்கும். ஈக்கு இமை இல்லை, அதனால் விழித்திருப்பதா தூங்குவதா என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பாதி நாள் அந்தக் கிறக்கம்தான். யாராவது கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் காதில் விழும். வீட்டில் இதற்காக வாங்காத திட்டு இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் மரபியல் துறையில் எனக்கு ஒரு சின்ன அறை, அந்த அறை நிறையக் குப்பிகள், குப்பி நிறைய ஈக்கள். பெண் ஈ எப்படி முட்டை வைக்கிறது, அந்த முட்டைகளுக்கு மூலமான செல்கள் எப்படித் தீர்ந்துபோகாமல் இருக்கின்றன என்பதைப் படிப்பதுதான் என் பிழைப்பு. சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. "ஏனுங்க டீச்சர், பழத்தை மூடி வெச்சாப் போச்சு, இதுக்கொரு படிப்புங்களா?" என்று வங்கியில் ஒருவர் கேட்டார். நான் இயல்பில் சண்டைக்காரி. அன்றைக்கு என்னவோ எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெண் ஈயின் வயிற்றுக்குள் இரண்டு சினைப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றும் பூச்சரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு போலத் தெரியும். சரத்தின் அடியில் முற்றிய முட்டை, மேலே போகப் போகச் சின்னது, நுனியில் அரும்பு. அந்த நுனியில் இரண்டோ மூன்றோ ஸ்டெம் செல்கள் உட்கார்ந்திருக்கும். நான் வகுப்பில் அதைக் குருத்தணு என்பேன். ஒரு குருத்தணு இரண்டாகப் பிரியும்போது ஒன்று அங்கேயே தங்கும், மற்றது கிளம்பிப் போய் முட்டையாகும். தங்க ஒன்று இருக்கிறவரை முட்டை வந்துகொண்டே இருக்கும்.

நான் வளர்த்த ஈ வம்சத்தில் பழுதே இந்த இடத்தில்தான். பிரிந்த இரண்டுமே கிளம்பிவிடும், தங்குவதற்கு ஆள் இருக்காது. பழுதான மரபணு ஒரு பங்கும், சுருட்டை அடையாளம் சேர்த்துவைத்த நல்ல மரபணு ஒரு பங்கும் இருக்கிற ஈக்குச் சிறகு சுருண்டிருக்கும். அவள் நன்றாகப் பெற்றுப் பெருகுவாள். இரண்டு பங்கும் பழுதானவளுக்குச் சிறகு நேராக இருக்கும். அவள் நாலைந்து நாள் முட்டை வைப்பாள், பிறகு நின்றுவிடும். சுருட்டைச் சிறகுக்காரி தாயாவாள், நேர்ச்சிறகுக்காரி ஆகமாட்டாள். இதற்குமேல் மரபியல் எதுவும் சொல்லிப் படுத்தமாட்டேன்.

அந்த வம்சத்தை வளர்க்கத் தொடங்கி ஆறு வருடம் கழித்து, எனக்கு முப்பத்து மூன்று வயதில், மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என் சினைப்பைகள் சீக்கிரமே ஓய்ந்துவிட்டன என்றார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். என் வேலைக்கும் என் வயிற்றுக்கும் முடிச்சுப் போடாத உறவினர்கள் இல்லை. வாயில்லாப் பூச்சியின் வயிற்றைக் கிழித்த பாவம் என்று ஒரு பெரியம்மா சொன்னாள். அவளோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சை இன்னும் தொடங்கவில்லை. என் கணவர் போத்தனூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருக்கிறார், அதிகம் பேசாதவர். மருத்துவமனையை விட்டு வெளியே வந்ததும் "வா அம்மணி, காப்பி குடிக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. தத்தெடுப்பதைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் எங்களில் ஒருவர் எழுந்து போய்விடுவோம்.

பழ ஈயை விதை மாதிரி எடுத்து வைக்க முடியாது. உறைய வைத்தால் செத்துப்போகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய குப்பியிலிருந்து புதுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் வம்சம் போய்விடும். பதினோரு வருடம் நான் ஒருமுறைகூட விட்டதில்லை. அப்பா இறந்த வாரத்தில்கூடக் காரியம் முடிந்த மறுநாள் கல்லூரிக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் வந்தேன். ஒரு வம்சத்தை இரண்டு ஊரில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். பெங்களூரில் ஒருவர் கேட்கவும் கேட்டார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

எனக்கு முப்பத்தெட்டு வயதான அந்தக் கோடையில் எங்கள் கட்டடத்தின் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. குளிர்சாதனம் எதுவும் ஓடவில்லை. சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். வெயில் ஏறினால் ஆண் ஈக்கள் முதலில் வீரியம் இழந்துவிடும், பிறகு எல்லாம் முடிந்தது. மற்ற குப்பிகளை அங்கங்கே நண்பர்களிடம் கொடுத்தேன். என் வம்சத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நானே வால்பாறைக்கு எடுத்துப் போவதென்று முடிவு செய்தேன். அங்கே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் என் அக்கா நர்ஸ். பிள்ளைகள் வெளியூரில் படித்ததால் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள்.

பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன். ஈரத்துண்டு சுற்றிய டிபன் பையில் பன்னிரண்டு குப்பிகள், பை என் மடியில். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "என்னங்க்கா, மீன் குஞ்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது, காது அடைத்துத் திறந்தது, யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். என் மடியில் ஒரு ஊரே மலை ஏறுகிறது என்று தோன்றியது.

அக்காவின் வீட்டில் குளிர்ச்சி மாறாத இடம் சமையலறைதான். ஜன்னலுக்குக் கீழே மேசை போட்டு, குப்பிகளையும் சின்ன நுண்ணோக்கியையும் வைத்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து அடுப்புவரைக்கும் நிற்கும். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பேச்சுக் கேட்கும், ஆட்கள் தெரியமாட்டார்கள். மக்காச்சோள மாவு, நாட்டுச்சர்க்கரை, கடல்பாசி, ஈஸ்ட் எல்லாம் போட்டு ஈக்களுக்கு நான் சாப்பாடு கிண்டுவதைப் பார்த்து அக்கா, "உன்ற ஈக்குச் சுடச்சுடக் களி, எனக்கு நேத்து வெச்ச ரசமா?" என்பாள். அந்த இரண்டு வாரம் நான் சுகமாக இருந்தேன். வேலை, தூக்கம், மறுபடி வேலை. சில நாள் இரண்டுக்கும் நடுவில் கோடே இல்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அக்கா போகிற சபையில் அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். ஒரு பலாப்பழம், இரண்டு கோழி, ஒரு பை மிளகு, பிறகு பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்த ஒரு பெரிய பூவன் வாழைத்தார். என் அக்கா சுபாவத்தில் சிக்கனக்காரி. அவள் ஒரு லாரிக்காரரோடு மல்லுக்கட்டி அந்தத் தாரை ஏலம் எடுத்ததைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. லாரிக்காரர் கடைசியில், "நர்ஸம்மாவே எடுத்துக்கோங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எதுக்குங்க்கா இவ்வளவு?" என்று வழியில் கேட்டேன்.

"உனக்காவ வேண்டிக்கிட்டு எடுத்துப்போட்டேன். படைச்ச பழம். தெனம் ஒண்ணு சாப்பிடு கண்ணு, வேற ஒண்ணும் கேக்காத."

அந்தத் தாரைச் சமையலறைக் கொக்கியில் தொங்கவிட்டாள். ஈ வளர்க்கிற அறைக்குள் பழம் வரக்கூடாது. என் மாணவர்கள் பையில் ஒரு பழத்தோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ காட்டு ஈக்கள் வரும். கண்ணுக்கு என் ஈக்கள் மாதிரியே இருக்கும். அவற்றின் சிறகும் நேர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தாரை வெளியே கட்டச் சொல்லியிருக்கலாம், குப்பிகளை முன்னறைக்கு மாற்றியிருக்கலாம். முன்னறையில் மதியம் வெயில் விழும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பழத்தை வெளியே வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினம் ஒரு பழம் சாப்பிட்டேன். நம்பிச் சாப்பிட்டேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை ஈக்களைப் புதுக் குப்பிகளுக்கு மாற்றினேன். பஞ்சு அடைப்பை எடுத்து, குப்பியைக் கவிழ்த்து, உள்ளங்கையில் இரண்டு தட்டு. ஆயிரம் தடவை செய்த வேலை. தலைக்கு மேலே பழம் மணத்துக்கொண்டிருந்தது.

இரண்டரை வாரத்தில் அடுத்த தலைமுறை வந்தது. நேர்ச்சிறகுக்காரிகளை எடுத்துத் தனியாக ஆண் ஈக்களோடு விட்டேன். ஐந்தாம் நாள் முட்டை நிற்க வேண்டும். நிற்கவில்லை. எட்டாம் நாளும் வைத்தார்கள், பன்னிரண்டாம் நாளும் வைத்தார்கள். களியின் மேல் வெள்ளை வெள்ளையாக, உடைத்த ரவை தூவினதுபோல முட்டைகள். ஒருத்தியை எடுத்து உப்புநீர்ச் சொட்டில் பிரித்துப் பார்த்தேன். நுனியிலிருந்து அடிவரை நிறைந்த சரங்கள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆத்தாடி, கதம்பமாட்ட இருக்குது" என்றாள்.

கிளம்பிப் போன செல்கள் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காருவது ஈயில் உண்டு, பார்த்திருக்கிறார்கள். என் வம்சத்தில் பதினோரு வருடமாக நடந்ததில்லை. இந்தக் குளிரில், இந்த ஊரில் நடந்திருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அன்று தேயிலைக்கு நடுவில் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. பனி விலகி விலகி மூடியது. எனக்குத் தரை தட்டுப்படவே இல்லை. சந்தோஷம் என்றால் அதுதான், இப்போதும் மறுக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரி வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று கணவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப, போனது திரும்ப வந்திருக்குதுங்கறயா?"

"ஆமாங்க. நான் கண்ணுல பாத்தேன்."

"மனுசங்களுக்கும் அப்படி ஆகுமா அம்மணி?" என்றார்.

ஆகாது, தெரியாது, இப்போது எதுவும் சொல்ல முடியாது. இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் படித்த படிப்புக்கு மரியாதை. நான், "ஆகலாமுங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வளைவுக்குப் போனபோது அவரே கூப்பிட்டார். போத்தனூர்ச் சபையில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைத்ததாகச் சொன்னார். "பேரு போடல. ஒரு குடும்பம்னு மட்டும் வாசிச்சாங்க" என்றார். எந்த வேண்டுதலிலும் வாய் திறக்காத மனிதர் அவர். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த வளைவிலேயே நின்றேன். உள்ளே ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை சுருட்டை, எத்தனை நேர் என்று எண்ணி எழுதுவது என் பழக்கம். என் வம்சத்தில் இரண்டு சுருட்டைக்கு ஒரு நேர் வரும், பதினோரு வருடமாக அப்படித்தான். இந்தத் தலைமுறையில் சில குப்பிகளில் பாதிக்குப் பாதி. என் கையெழுத்தில், முதல் நாளே எழுதியிருந்தேன். வெளியிலிருந்து ஒரு ஆண் ஈ நுழைந்தால் மட்டுமே வரக்கூடிய கணக்கு அது. முதலாமாண்டு மாணவி பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பாள். நிமிர்ந்து பார்த்தேன். பழமெல்லாம் தீர்ந்து வெறும் காம்பு கொக்கியில் தொங்கியது, அதன் மேல் ஓர் ஈ நிதானமாக நடந்துகொண்டிருந்தது. நேரான சிறகு.

எதுவும் திரும்பி வரவில்லை. காட்டு ஈக்குப் பிறந்த பெண்கள் அவர்கள். அப்பன் வழியில் சுருட்டை அடையாளம் இல்லாத நல்ல மரபணு ஒன்று வந்திருந்தது, அதனால் முட்டை வைத்தார்கள். போதாததற்கு என் வம்சம் எந்தக் குப்பியில் மிச்சம் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே இப்போது தெரியாது.

அக்கா டூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். "நானா கெடுத்துப்போட்டேன் கண்ணு?" என்றாள். "நீ இல்லைக்கா, நாந்தான். எனக்குத் தெரிஞ்சேதான் விட்டேன்" என்றேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிக் காம்பைக் கழற்றி, பின்பக்கச் சரிவில் எறிந்துவிட்டு வந்தாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கணவரிடம் சொல்லத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் முழுதும் கேட்டுவிட்டு, "சரி, வெசனப்படாத" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, உங்களுக்குக் கோவமே வராதுங்களா? நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. நீங்க கோயில்ல போய்க் காணிக்கை வெச்சுட்டு வந்திருக்கீங்க" என்று கத்தினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வெச்சது வெச்சதுதான்" என்றார். "உன்ற ஈ மிஞ்சுமா, அதைப் பாரு."

மிஞ்சுமா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. சுருட்டைச் சிறகு ஈக்களை ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடி ஜோடியாக நாற்பது குப்பிகளில் விட வேண்டும். அவற்றின் நேர்ச்சிறகு மகள்களை வளர்த்து, ஒரு வாரம் கழிந்தும் முட்டை வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வைத்தால் அந்தக் குப்பியில் காட்டு ரத்தம் கலந்திருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான். வைக்காத மகள்கள் இருக்கிற குப்பியில்தான் என் வம்சம் உயிரோடு இருக்கிறது. நான் இனி தேட வேண்டியது மலடியை. என்னைப் பார்த்தே இரண்டு பேர் சொன்ன சொல் அது, இரண்டு பேரையும் மறக்கவில்லை. இப்போது அதையே வேண்டிக்கொண்டு நாற்பது குப்பிகளோடு மலை இறங்கினேன்.

கல்லூரியில் குளிர்சாதனம் ஓடத் தொடங்கியிருந்தது. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்தது, வெயில் தணிந்து ஊர் முழுக்கத் தூறலும் புழுதி அடங்கின மணமுமாக இருந்தது. நான் காலையில் அறைக்குள் போவேன், மகள்களைப் புதுக் களிக்கு மாற்றி வைத்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். களி கலங்கி, புழு நெளிந்தால் நோட்டில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு. புழுவைப் பார்த்தாலே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பெற்றுத் தள்ளுகிறார்களே என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். முதல் வாரத்திலேயே பாதிக் குப்பிகள் போயின. பிறகு பத்து, பிறகு ஐந்து. கனவில் நடக்கிற மாதிரி நடந்தேன், யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினேன். ஜூலை ஆரம்பத்தில் மூன்று குப்பிகள் மிச்சம் இருந்தன.

அந்த மூன்றில் இரண்டில் புழு வந்துவிட்டது. மூன்றாவதில் ஐந்தாம் நாள் சில முட்டைகள், ஆறாம் நாள் ஒன்று, பிறகு இல்லை. பத்தாம் நாள் காலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் முன்பு வைத்த புதுக் களி, ஊற்றியபடியே வழவழவென்று இருந்தது. நான்கு நேர்ச்சிறகுக்காரிகள் அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியைப் பனிக்கட்டியில் தூங்கவைத்துப் பிரித்தேன். இரண்டு சினைப்பைகளும் மெலிந்து, கண்ணாடிபோல, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தன. அவளுடைய தாயும் தகப்பனும் இருந்த குப்பியை இரண்டு கையாலும் எடுத்து அலமாரிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, போத்தனூருக்குப் போன் செய்தேன்.

"கெடைச்சிருச்சுங்க. ஒரு குப்பி. வம்சம் இருக்குதுங்க" என்றேன். "மூணு மணிக்கு டூட்டி முடியுது. நான் வாரேன்" என்றார்.

எங்கள் பத்து வருடத்தில் அவர் என் அறைக்குள் வந்தது இரண்டு முறை. இரண்டு முறையும் வாசலில் நின்று மின்விசிறியைப் பார்த்துவிட்டுப் போனார். நுண்ணோக்கியில் கண் வைத்ததே இல்லை, நானும் கூப்பிட்டதில்லை. அன்று தூறலில் நனைந்த சட்டையோடு நேராக உள்ளே வந்து, "எங்க, காட்டு" என்றார். நல்லது ஒன்றைப் பிரித்துக் காட்டட்டுமா, முட்டை நிறைந்தது, பார்க்க நன்றாக இருக்கும் என்றேன். வேண்டாம் என்றார்.

முக்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். எந்தத் திருகு என்று கேட்டுத் தானே திருகிக்கொண்டார்.

"இதுலதான் ஒண்ணும் இல்லீங்கறயா?"

"ஆமாங்க. இதுலதான்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வராந்தாவில் மாணவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். நான் அவருடைய நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அழகாத்தானே இருக்குது, அம்மணி" என்றார்.

ஸ்கேன் படத்தை மருத்துவர் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டிய அன்று அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.